காட்டிக்கொடுப்பவரும் சட்டமும்

கூட்டாளியைப் போலீசிடம் காட்டிக்கொடுப்பவனுக்கு லண்டன் பேச்சுவழக்கில் 'கிராஸ்' என்று பெயர். நேர்ப்பொருள் புல். 1930களில் குற்ற உலகைப் பற்றிய எழுத்துகளில் அச்சேறிய இந்தச் சொல், இன்று பிரிட்டன் முழுக்கப் பள்ளிப்பிள்ளைகள் வாயிலும் புழங்குகிறது. ஆசிரியரிடம் போய்க் கோள் சொல்லும் பையனும் கிராஸ்தான். கொள்ளைக் கும்பலின் திட்டத்தைத் துப்பறியும் அதிகாரியிடம் சொல்லிவிடுகிறவனும் கிராஸ்தான்.

புல்லுக்கும் போலீசுக்கும் என்ன தொடர்பு என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. லண்டனின் கிழக்குப் பகுதி மக்கள், சொல்ல வந்த சொல்லை விட்டுவிட்டு அதற்கு எதுகையாக ஒலிக்கும் வேறொரு சொல்லைப் போட்டுப் பேசும் பழக்கம் உடையவர்கள். போலீஸ்காரருக்கு அங்கே 'காப்பர்' என்று பெயர். அதோடு இயைந்து ஒலிக்கும் சொல் வெட்டுக்கிளியைக் குறிக்கும் 'கிராஸ்ஹாப்பர்'. அது தேய்ந்து 'கிராஸ்' ஆகி, போலீஸ்காரரிடமிருந்து போலீசுக்குத் தகவல் சொல்கிறவன் மீது ஏறிக்கொண்டது என்பது பலர் ஏற்கும் விளக்கம். புல்லுக்குள் பதுங்கிய பாம்பு என்று ரோமானியக் கவிஞர் வெர்ஜில் கையாண்ட உவமையிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. தமிழில் கூட இருந்தே குழி பறிப்பவனுக்குப் 'புல்லுருவி' என்று பெயர் இருப்பது தற்செயல் ஒற்றுமை.

ஆங்கிலத்தில் இதற்குச் சொற்கள் ஏராளம். 'நார்க்' என்பது நாடோடிகளான ரோமானி மக்களின் மொழியில் மூக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்தது என்பார்கள். 'ஸ்னவுட்' என்றாலும் மூக்குதான். மோப்பம் பிடித்துச் சொல்பவன் என்ற பொருளில் இரண்டும் நிலைத்தன. ஒருவனைக் காட்டிக்கொடுப்பது அவனை 'ஷாப்' செய்வது. வட அயர்லாந்தில் 'டவுட்' என்பார்கள். அமெரிக்காவில் எலி என்று பொருள்படும் 'ராட்'. ஒன்றுகூட மரியாதையான சொல் இல்லை.

தமிழிலும் மலையாளத்திலும்

தமிழ்ப் பேச்சில் இந்தச் செயலுக்கு 'போட்டுக்கொடுத்தல்' என்று பெயர். 'வத்தி வைத்தல்' என்பது வீட்டுச் சண்டை முதல் அலுவலக அரசியல் வரை செல்லும். போலீஸ் விவகாரம் என்றால் 'துப்புக் கொடுத்தான்', 'ஆளைக் காட்டினான்', 'இன்ஃபார்மர்' என்று பேச்சு மாறும். தன் இனத்தையே அழிக்கத் துணைபோகிறவன் கோடாலிக்காம்பு. அரசியல் மேடையில் எட்டப்பன். 1799இல் வீரபாண்டியக் கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான் என்றாலும், கும்பினியோடு சேர்ந்து நின்ற எட்டயபுரம் பாளையக்காரரின் பெயர்தான் துரோகத்துக்கு மறுபெயராக நிலைத்துவிட்டது. காட்டிக்கொடுத்தவன் யார் என்பதில் ஊர் நினைவும் வரலாறும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

இலங்கைத் தமிழருக்கு இதில் இன்னும் கசப்பான சொல் ஒன்று உண்டு: 'தலையாட்டி'. போர்க்காலத்தில் ஊரைச் சுற்றிவளைக்கும் ராணுவம் ஆண்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக நடக்க வைக்கும். முகத்தை மூடிய ஒருவர் வாகனத்துக்குள் உட்கார்ந்திருப்பார். கண் இருக்கும் இடத்தில் மட்டும் துளை. கடந்து போகிறவரைப் பார்த்து அவர் தலையை அசைத்தால் ஆளைத் தனியே இழுத்துக்கொள்வார்கள். பேச்சு இல்லை, கையெழுத்து இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. அந்த ஒரு தலையசைப்பே சாட்சியம். மிரட்டலுக்கும் சித்திரவதைக்கும் ஆளாகி அங்கே உட்கார்த்தப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

மலையாளம் பேசும் கொச்சியில் இந்தச் செயலுக்கு 'ஒற்று' என்று பெயர், செய்பவன் 'ஒற்றுகாரன்'. திருக்குறளில் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். அங்கே ஒற்றன் அரசனின் கண், ஆட்சிக்கு இன்றியமையாதவன். பகை நாட்டு ரகசியத்தைக் கொண்டுவருபவனுக்கு இருந்த பெயர், மலையாளத்தில் கூட இருந்தவனை விற்பவனுக்கு ஆகிவிட்டது. கிறிஸ்தவர்கள் நிறைந்த கொச்சியில் யூதாசும் முப்பது வெள்ளிக்காசும் இந்தப் பேச்சில் எளிதாக வந்துவிடும். துறைமுகத் தொழிற்சங்கங்களின் ஊரான மட்டாஞ்சேரியில், வேலைநிறுத்தத்தை உடைத்து முதலாளி பக்கம் போகிறவன் 'கரிங்காலி'. தமிழில் கருங்காலி. கூலிகளை நோக்கி உலோக வில்லைகளை வீசியெறிந்து, பொறுக்கியவனுக்கே அன்று வேலை என்றிருந்த 'சாப்பா' முறையை எதிர்த்து 1953இல் போராடிய மட்டாஞ்சேரித் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது. அப்படிப்பட்ட ஊர்களில் போலீசிடம் போய்ப் பேசுகிறவனைச் சந்தேகத்தோடு பார்ப்பது வியப்பில்லை. காட்டிக்கொடுப்பவனை இகழும் சொற்கள் செழிப்பது, போலீசைத் தன் பாதுகாவலாக அல்லாமல் எதிரணியாகப் பார்க்கும் மக்களிடையேதான்.

மூன்று வகை ஆட்கள்

பேச்சுவழக்கு எல்லோரையும் ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும், சட்டம் மூன்று பேரைத் தனித்தனியே பார்க்கிறது.

முதலாமவர் துப்புக் கொடுப்பவர். பணத்துக்காகவோ, பகைக்காகவோ, போலீசின் தயவுக்காகவோ தகவல் சொல்வார்; நீதிமன்றத்துக்கு வரமாட்டார்; பெயர் வெளியே தெரியாது. இரண்டாமவர் குற்றத்தில் தானும் பங்கெடுத்துவிட்டு, மன்னிப்புக்கு ஈடாகக் கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்பவர். இந்தியாவில் இவருக்கு 'அப்ரூவர்' என்று பெயர். மூன்றாமவர் குற்றத்தில் தொடர்பில்லாத சாதாரணக் குடிமகன். கண்டதையோ கேட்டதையோ கடமையாகச் சொல்பவர்.

மூன்றாமவர் சொல்வதை இந்தியச் சட்டம் கடமையாகவே வைத்திருக்கிறது. கொலை, கொள்ளை, பிணைத்தொகைக்காக ஆள் கடத்தல் உள்ளிட்ட குறிப்பிட்ட குற்றங்கள் நடந்ததையோ நடக்கப்போவதையோ அறிந்த எவரும் உடனே போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33ஆம் பிரிவு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் என்றால், போக்சோ சட்டத்தின் 19, 21ஆம் பிரிவுகளின்படி அறிந்தும் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம். சிக்கல் முழுவதும் முதல் இரண்டு பேரிடம்தான்.

சூப்பர் கிராஸ்

பிரிட்டனில் 1970களில் பத்திரிகைகள் உருவாக்கிய சொல் 'சூப்பர் கிராஸ்'. ஓரிருவரை அல்லாமல் ஒரு கூட்டத்தையே காட்டிக்கொடுப்பவன் என்று பொருள். முதல் சூப்பர் கிராஸ் என்று பெயர் பெற்றவர் பெர்ட்டி ஸ்மால்ஸ் என்ற வங்கிக் கொள்ளைக்காரர். 1972இல் லண்டன் வெம்ப்ளியில் நடந்த வங்கிக் கொள்ளை தொடர்பாகப் பிடிபட்டவர், தன் மீது எந்த வழக்கும் வராது என்ற முழு உறுதிமொழியை எழுத்தில் வாங்கிக்கொண்டு கூட்டாளிகளின் பெயர்களைக் கொட்டினார். அவர் சாட்சிக் கூண்டில் நின்றபோது எதிரே குற்றவாளிக் கூண்டில் இருந்தவர்கள் போர்க்காலத்துப் பிரிவுப் பாடல் ஒன்றை அவரைப் பார்த்துப் பாடினார்கள் என்று சொல்வதுண்டு. வெளியே வந்ததும் பார்த்துக்கொள்கிறோம் என்பது அதன் உட்பொருள். ஸ்மால்ஸ் 2008இல் இயற்கையாகவே இறந்தார்.

கொள்ளையில் முன்னின்றவனே தண்டனையில்லாமல் வெளியேறியது நீதிபதிகளுக்குப் பிடிக்கவில்லை. வழக்கே வராது என்ற உறுதிமொழியைப் போலீஸ் ஒருபோதும் தரக்கூடாது, அரசுத் தரப்பு வழக்கு இயக்குநரும் மிக அரிதாகவே தர வேண்டும் என்று 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு காட்டிக்கொடுத்தவர்களும் குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனையாவது அனுபவிக்கும் வழக்கம் வந்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்த ஒப்பந்தங்களை எழுத்து வடிவில் முறைப்படுத்தியது.

இந்த முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வட அயர்லாந்து காட்டியது. 1981இல் பிடிபட்ட கிறிஸ்டோபர் பிளாக் என்ற ஐஆர்ஏ ஆயுதக்குழு உறுப்பினர் கொடுத்த வாக்குமூலத்தின் பேரில் 38 பேர் மீது வழக்கு நடந்தது. அங்கே அப்போது பயங்கரவாத வழக்குகளில் ஜூரி கிடையாது, தனி நீதிபதிதான். 1983இல் பெரும்பாலானோருக்குத் தண்டனை கிடைத்தது. 1986இல் மேல்முறையீட்டில் 18 பேரின் தண்டனை ரத்தானது. வேறு ஆதாரம் இல்லாமல் ஒருவன் வாயை மட்டும் நம்பிக் கட்டிய வழக்குகள் வரிசையாகச் சரிந்தன.

இந்தியாவின் அப்ரூவர்கள்

இந்தியாவில் இந்த முறையைப் பெரிய அளவில் கையாண்டவர் வில்லியம் ஸ்லீமன் என்ற கும்பினி அதிகாரி. 1830களில் வழிப்போக்கர்களைக் கழுத்தை நெரித்துக் கொன்ற தக்கர் கூட்டங்களைப் பிடிக்க, பிடிபட்ட தக்கர்களையே அவர் அப்ரூவர்களாக்கினார். அவர்களில் பெயர் பெற்றவன் பெரிங்கியா. அப்ரூவர்கள் சொன்ன விவரங்களைக் கொண்டு குடும்ப வரலாறுகளும் வரைபடங்களும் தயாராயின. புதைத்த பிணங்களை அவர்களே தோண்டிக் காட்டினார்கள். தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று நிரூபித்தாலே ஆயுள் தண்டனை என்று 1836இல் சட்டம் வந்தது. தூக்கிலிருந்து தப்பிய அப்ரூவர்களுக்கும் விடுதலை கிடைக்கவில்லை. ஜபல்பூரில் காவலில் வைத்துக் கம்பளமும் கூடாரமும் நெய்ய வைத்தார்கள். உயிருக்கு ஆசைப்பட்டு அதிகாரி கேட்க விரும்பியதைச் சொன்னவர்கள் அதில் எத்தனை பேர் என்ற கேள்வியை வரலாற்றாசிரியர்கள் இன்றும் எழுப்புகிறார்கள்.

விடுதலைப் போராட்டக் காலத்தில் அப்ரூவர் என்ற சொல்லுக்குத் துரோகி என்ற பொருள் அழுத்தமாகப் படிந்தது. 1908இல் அலிப்பூர் குண்டு வழக்கில் அப்ரூவரான நரேந்திரநாத் கோஸ்வாமியை, சிறைக்குள் கடத்திவந்த துப்பாக்கியால் கனாய்லால் தத்தும் சத்யேந்திரநாத் போஸும் சுட்டுக் கொன்றார்கள். குறுக்கு விசாரணைக்கு ஆள் இல்லாததால் அவர் சொன்ன சாட்சியம் பயனற்றுப் போனது. அந்த வழக்கில் விடுதலையான அரவிந்தர் 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அங்கே ஏற்கெனவே தங்கியிருந்த பாரதியின் வீட்டைச் சுற்றியும் ஆங்கிலேயரின் உளவாளிகள் வட்டமிட்டபடிதான் இருந்தார்கள்.

தமிழகத்தில் பெரிய அப்ரூவர் வழக்கு, 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டதைத் தொடர்ந்து நடந்த திருநெல்வேலிச் சதி வழக்கு. சுட்ட வாஞ்சிநாதன் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். அவர் அங்கேயே தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்துவிட்டதால், பின்னால் இருந்தவர்கள் யார் என்று சொல்ல அரசுக்கு ஆள் தேவைப்பட்டது. ஆறுமுகம் பிள்ளை, சோமசுந்தரம் பிள்ளை ஆகிய இருவர் அப்ரூவர்களானார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 14 பேர் மீது நடந்த விசாரணையில் 9 பேருக்குத் தண்டனை கிடைத்தது. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு ஆண்டு. மூன்று நீதிபதிகளில் ஒருவரான சங்கரன் நாயர் மற்றவர்களோடு ஒத்துப்போகாமல் தனித் தீர்ப்பு எழுதினார்.

பகத்சிங் வழக்கில் அப்ரூவரான பணீந்திரநாத் கோஷை 1932இல் கொன்று பழி தீர்த்த வைகுண்ட சுக்லா 1934இல் தூக்கிலேறினார். காந்தி கொலை வழக்கில் அப்ரூவர் புனேயைச் சேர்ந்த ஆயுத வியாபாரி திகம்பர் பாட்கே. கோட்சே, ஆப்தே உள்ளிட்டோருக்கு எதிராக அவர் சொன்னதற்கு வேறு சான்றுகள் துணை நின்றன. சாவர்க்கருக்கு எதிராகச் சொன்னதற்கு அப்படிச் சுதந்திரமான துணைச்சான்று இல்லாததால், 1949 பிப்ரவரியில் சாவர்க்கர் விடுதலையானார். அப்ரூவர் ஒருவரே, வாக்குமூலமும் ஒன்றே, துணைச்சான்று இருந்த இடத்தில் அது நின்றது, இல்லாத இடத்தில் விழுந்தது.

மன்னிப்பு எப்படிக் கிடைக்கிறது

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 306 முதல் 308 வரையிலான பிரிவுகளில் இருந்த விதிகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 343 முதல் 345 வரை இடம்பெற்றுள்ளன. செஷன்ஸ் நீதிமன்றமோ சிறப்பு நீதிபதியோ விசாரிக்க வேண்டிய குற்றங்களிலும், ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களிலும்தான் இந்த மன்னிப்பு உண்டு. அதை வழங்குவது நீதிமன்றம். போலீஸ் தானாக வாக்குறுதி கொடுக்க முடியாது.

நிபந்தனை ஒன்றுதான்: குற்றம் பற்றித் தெரிந்த அனைத்தையும், தன் பங்கையும் மற்றவர்கள் பங்கையும், மறைக்காமல் உண்மையாகச் சொல்ல வேண்டும். மன்னிப்பை ஏன் வழங்குகிறோம் என்ற காரணத்தை நீதிபதி எழுதிவைக்க வேண்டும். முன்பே ஜாமீனில் இல்லாவிட்டால், வழக்கு முடியும்வரை அப்ரூவர் காவலிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. வெளியே விட்டால் மிரட்டலுக்கும் விலைக்கும் ஆளாவார் என்பது அதன் பின்னுள்ள எண்ணம். சாட்சிக் கூண்டில் ஏறிய பிறகு பொய் சொன்னாலோ முக்கியமான ஒன்றை மறைத்தாலோ, அரசு வழக்கறிஞர் அதற்குச் சான்றளிப்பார். மன்னிப்பு போய்விடும், பழைய குற்றத்துக்கே விசாரணையைச் சந்திக்க வேண்டும்.

அப்படியும் சட்டம் அப்ரூவரை முழுக்க நம்புவதில்லை. கூட்டாளியின் சாட்சியத்தை முக்கியமான விவரங்களில் வேறு ஆதாரம் உறுதிப்படுத்தினால் ஒழிய நம்ப வேண்டியதில்லை என்று நீதிமன்றம் கருதலாம் என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலிருந்தே உள்ள கோட்பாடு. ஆனால் துணைச்சான்று இல்லாமல் தண்டித்தாலும் அது சட்டவிரோதம் ஆகாது என்று அதே சட்டத்தின் 133ஆம் பிரிவு சொல்லிவந்தது. புதிய பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 138ஆம் பிரிவு இதை மாற்றி, துணைச்சான்றோடு கூடிய சாட்சியத்தின் பேரில் தண்டிப்பதையே குறிப்பிடுகிறது. இரண்டு சோதனைகளில் அப்ரூவர் தேற வேண்டும் என்று 1957இல் சர்வான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது: முதலில் அவர் நம்பத்தக்க சாட்சியா, அடுத்து அவர் சொன்னதற்குப் போதிய துணைச்சான்று உண்டா. முதல் சோதனையில் தோற்றால் இரண்டாவதற்கு வேலையில்லை.

கொச்சியில்

கேரளத்தின் பெரிய குற்றவழக்குகள் பலவும் கொச்சிக்கே வந்து சேர்கின்றன. தேசியப் புலனாய்வு முகமையின் சிறப்பு நீதிமன்றம் எர்ணாகுளத்தில் இருக்கிறது. சிபிஐயின் கொச்சி அலுவலகமும், சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றமும் நகரின் கலூர் பகுதியில்தான். அப்ரூவர் என்ற சொல்லை மலையாள நாளிதழ்களில் தொடர்ந்து பார்க்க முடிவதற்கு இந்த நீதிமன்றங்களும் ஒரு காரணம். மலையாளத்தில் அதற்கு 'மாப்புசாட்சி' என்று பெயர். மாப்பு என்றால் மன்னிப்பு.

2020 ஜூலை 5 அன்று திருவனந்தபுரம் விமான நிலையத்தில், ஐக்கிய அரபு அமீரகத் துணைத் தூதரகத்தின் பெயரில் வந்த பார்சலிலிருந்து சுங்கத்துறை 30 கிலோ தங்கத்தைக் கைப்பற்றியது. சில நாட்களில் வழக்கு தேசியப் புலனாய்வு முகமையின் கைக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்ட ஸ்வப்னா சுரேஷும் சந்தீப் நாயரும் பெங்களூரில் பிடிபட்டுக் கொச்சிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சந்தீப் மாஜிஸ்திரேட் முன் ரகசிய வாக்குமூலம் கொடுத்தார். முகமையின் வழக்கில் அப்ரூவரானார். 2021 ஜனவரியில் 20 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. ஆனால் அந்த மன்னிப்பு அந்த ஒரு வழக்குக்குத்தான். சுங்கத்துறையும் அமலாக்கத்துறையும் தனித்தனியே வழக்குப் போட்டிருந்தன. கடத்தலைத் தடுக்கும் காபிபோசா சட்டத்தில் தடுப்புக்காவலும் இருந்தது. அதனால் அவர் 2021 அக்டோபரில்தான் வெளியே வந்தார். அப்ரூவர் ஆனால் உடனே வீட்டுக்குப் போகலாம் என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

குற்றப் பின்னணி உள்ளவர் சொல்வது எப்போதும் ஏற்கத்தகாதது என்பதும் இல்லை. 1992இல் கோட்டயம் கன்னியர் மடத்தில் இறந்துகிடந்த சிஸ்டர் அபயா வழக்கில் முக்கிய சாட்சி, இடிதாங்கியின் செம்பைத் திருட அந்த இரவில் மடத்துக்குள் புகுந்த அடைக்கா ராஜு. அவர் அப்ரூவர் அல்ல. தான் திருடப் போனதையும் சேர்த்தே சொன்ன சாட்சி. சொல்ல வேண்டியவர்கள் பலர் பின்வாங்கிய வழக்கில் அவர் சொன்னதை மாற்றவில்லை. 2020 டிசம்பரில் திருவனந்தபுரம் சிபிஐ நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தை ஏற்றுத் தண்டனை விதித்தது. 2022இல் கேரள உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் வழங்கியது.

துப்பும் சன்மானமும்

அப்ரூவர் முகம் காட்ட வேண்டும். துப்புக் கொடுப்பவருக்கு முகமே கிடையாது. குற்றம் பற்றிய தகவல் யாரிடமிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி எந்தப் போலீஸ் அதிகாரியையும் மாஜிஸ்திரேட்டையும் வருவாய்த்துறை அதிகாரியையும் கட்டாயப்படுத்த முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 125ஆம் பிரிவும் புதியதன் 131ஆம் பிரிவும் இதைச் சொல்கின்றன. போதைப்பொருள் வழக்குகளில் கிடைத்த தகவலை அதிகாரி எழுத்தில் பதிந்து, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் அனுப்ப வேண்டும். அந்த ஏட்டிலும் சொன்னவர் பெயர் இருக்க வேண்டியதில்லை. கேரளப் போலீஸின் 'யோத்தாவு' திட்டத்தில் போதைப்பொருள் பற்றிப் பொதுமக்கள் பெயர் சொல்லாமலே தகவல் தரலாம்.

சுங்கத்துறையில் துப்புக்குச் சன்மானம் உண்டு. நெடும்பாசேரி விமான நிலையம் வழியாகத் தங்கம் வரும் கொச்சியில் இதற்குத் தனி முக்கியத்துவம். தகவல் தருபவர் பெயருக்குப் பதிலாகத் தாளில் கட்டைவிரல் ரேகை வைப்பார்; அது முத்திரையிட்ட உறைக்குள் போய்விடும். பணம் வாங்க வரும்போது அந்த ரேகைதான் அடையாளம். சன்மானத்தின் உச்சவரம்பு பொதுவாகப் பறிமுதல் பொருளின் நிகர விற்பனைத் தொகையில் 20 சதவீதம். ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது. வருமான வரித்துறை 2018இல் அறிவித்த திட்டத்தில் உள்நாட்டு வரி ஏய்ப்பு பற்றிய தகவலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையும், வெளிநாட்டில் பதுக்கிய கறுப்புப் பணத்துக்கு 5 கோடி வரையும் உண்டு.

சன்மானம் வந்தால் பொய்யும் வரும் என்பது பழைய பாடம். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் திருடர்களைப் பிடித்துக் கொடுத்தால் தலைக்கு 40 பவுண்டு என்று அரசு அறிவித்திருந்தது. ஜோனதன் வைல்ட் என்பவன் திருடர் கூட்டத்தைத் தானே நடத்திக்கொண்டு, பணியாதவர்களைப் பிடித்துக் கொடுத்துக் காசும் வாங்கினான். 1725இல் அவனையே தூக்கிலிட்டார்கள்.

பணம் இல்லாமல் பகைக்காகச் சொல்லும் பொய்த்துப்பு இன்னும் ஆபத்தானது. திருச்சூர் மாவட்டம் சாலக்குடியில் அழகு நிலையம் நடத்திவந்த ஒரு பெண்ணின் பையில் எல்எஸ்டி என்ற போதைப்பொருள் ஸ்டாம்புகள் இருப்பதாக 2023 பிப்ரவரியில் கலால் துறைக்குத் தகவல் வந்தது. இணையவழி அழைப்பு என்பதால் சொன்னவர் யார் என்பது உடனே தெரியவில்லை. அதிகாரிகள் போய்ச் சோதித்தார்கள். சொன்ன இடத்திலேயே ஸ்டாம்புகள் கிடைத்தன. அந்தப் பெண் 72 நாள் சிறையில் இருந்தார். ரசாயனப் பரிசோதனையில் அது போதைப்பொருளே இல்லை என்று தெரிந்தது. ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. சதியின் பின்னால் இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் 2025இல்தான் பெங்களூரில் கைதானார். துப்புக் கொடுப்பவரின் பெயரை மறைக்கும் அதே சட்ட அமைப்பு, பொய்த்துப்பைத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 217ஆம் பிரிவில் குற்றமாகவும் வைத்திருக்கிறது. சொன்னவரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

சொன்னவருக்கு நேர்வது

காட்டிக்கொடுப்பவருக்கு எதிரான வெஞ்சினம் சொல்லோடு நின்றுவிடுவதில்லை. போலீஸ் இன்ஃபார்மர் என்று சந்தேகித்த கிராமத்தவர்களையும் பழங்குடியினரையும் வீரப்பன் கொன்றான். 1993 ஏப்ரலில் பாலாறு அருகே கண்ணிவெடியில் இறந்த 22 பேரில் போலீசாரோடும் வனத்துறையினரோடும் இன்ஃபார்மர்களும் இருந்தார்கள். போலீசாருக்கு நினைவுத்தூண் எழும். இன்ஃபார்மரின் குடும்பத்துக்கு அவர் செய்த வேலையை ஊருக்குள் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

சாட்சிகளைக் காப்பதற்கான திட்டத்தை இந்தியா தாமதமாகத்தான் வகுத்தது. மகேந்தர் சாவ்லா வழக்கில் 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்து, நாடாளுமன்றமோ சட்டமன்றங்களோ சட்டம் இயற்றும் வரை அதுவே சட்டம் என்றது. ஆபத்தின் அளவைப் பொறுத்துச் சாட்சிகளை மூன்று வகையாகப் பிரித்து, காவல், அடையாள மறைப்பு, இடமாற்றம் வரை அது வழி செய்கிறது. ஒவ்வொரு மாநிலமும் இதற்கெனத் திட்டம் வகுக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398ஆம் பிரிவு இப்போது கட்டாயப்படுத்துகிறது. தங்க நாற்கரச் சாலைப் பணியின் ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003இல் கொல்லப்பட்டது நாட்டை உலுக்கியது. ஊழலை வெளியே சொல்பவர்களுக்கான பாதுகாப்புச் சட்டம் 2014இல் நிறைவேறியும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

கூட்டாளியை விற்றுத் தன் தலையைக் காத்துக்கொண்டவனுக்கும், கண்ணெதிரே நடந்த குற்றத்தைப் போய்ச் சொன்னவனுக்கும் ஊர் ஒரே பெயரைச் சூட்டுவது நியாயமில்லை. முதலாமவன் சொல்வதைத் துணைச்சான்றோடு மட்டும் ஏற்க வேண்டும். சாவர்க்கர் வழக்கும் வட அயர்லாந்தும் சொல்லும் பாடம் அதுதான். துப்புக் கொடுப்பவன் சொன்னதைப் பரிசோதித்த பிறகே ஒருவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டும். சாலக்குடி அதைச் சொல்கிறது. குடிமகன் சொல்ல வேண்டியதைச் சொல்வது கடமை. அதற்காக அவரைப் 'போட்டுக்கொடுத்தவன்' என்று ஏசுவதை நாம்தான் நிறுத்த வேண்டும்.